புஸ்ஸென்று ஒரு வெடி

திவா அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் செபுத் தீவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினாலும் பார்க்க முடியாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அக்கரைத் தீவிலிருக்கும் சொந்தத் தங்கையைப் பார்க்கப் படகு ஏற மாட்டாள். தங்கைதான் வர வேண்டும். சுவரில் பெரும்பல்லி கத்தினால் சிலுவை போட்டுக்கொள்வாள். நான் ஓட்டும் ஜீப்னி வண்டியில் ஏறினால் கேட்கவே வேண்டாம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும், "நிறுத்து பெர்தோ! நிறுத்து! எதிர்ல ஏதோ வருது!" என்று அலறுவாள். ஒன்றும் வராது. நானும் ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

"அக்கா, உங்க பேச்சக் கேட்டு நிறுத்தினா நாம சந்தைக்குப் போய்ச் சேர கிறிஸ்துமஸ் ஆயிடும்" என்பேன். வண்டியே சிரிக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை என்ன தெரியுமா? எங்கள் ஊர் மைதானத்தில் துப்பாக்கி சுடும் போட்டி நடுவர். தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு குறி அட்டைகளைச் சுட்டுக்கொண்டே ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால், கையில் நேரம் குறிக்கும் டைமரோடு ஓட வேண்டும். பக்கத்தில் நின்று மதிப்பெண் எழுதுகிறவன் நான். ஒவ்வொரு தடவையும் டைமர் கத்துவதற்கு முன் அவள் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பயம் போனதே இல்லை. பயந்துகொண்டேதான் ஓடுவாள்.

முதலில் அவள் அந்த மைதானத்து வாசலில், வாதுமை மரத்தடியில் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். தென்னங்குருத்தில் பின்னிய பொட்டலச் சோறும் சுட்ட பன்றிக் கறியும். புருஷன் ரூஃபோ உள்ளே சுடுவார். நல்ல கை. தோட்டாவும் அவரே வீட்டில் நிரப்புவார். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து போட்டு, மேலே குண்டு அழுத்தி, நெம்புகோலை இழுத்தால் புதுத் தோட்டா. இங்கே யார் கடைத் தோட்டா வாங்கிப் போட்டி சுடுகிறார்கள்? கட்டுப்படியாகுமா?

அந்த வேலையில் ஒரே ஒரு எமன் உண்டு. ஏதாவது ஒரு கூட்டில் மருந்து விழாமல் போய்விட்டால், அடியிலிருக்கும் கேப்பு மட்டும் வெடிக்கும். 'டமால்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று ஒரு சத்தம். குண்டு வெளியே போகாது, குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதன் முதுகில் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியும், கையோ கண்ணோ போகும்.

அது தெரிந்தும் ஏன் சுடுவான் என்று கேட்பீர்கள். தெரிவது தலைக்கு; சுடுவது கை. துப்பாக்கி நின்றுபோனால் யோசிக்காதே என்று கைக்கு நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தட்டு, இழு, சுடு. தோட்டா அடுக்கிய மேகசின் அடியில் ஒரு தட்டு, துப்பாக்கியின் மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் ஒரு இழுப்பு, பழுதான தோட்டா வெளியே, புதுசு உள்ளே, சுடு. கண்ணாடி முன்னால் நின்று வெறும் துப்பாக்கியில் இதையே தினமும் பழகுவோம். சாதாரணச் சிக்கலுக்கெல்லாம் இதுதான் மருந்து. 'புஸ்' ஒன்றுக்கு மட்டும் இதுவே விஷம்.

ரூஃபோவுக்கு அப்படித்தான் ஆனது. புஸ், தட்டு, இழு, சுடு. வலது கண் போயிற்று.

மரத்தடியில் இருந்த திவாவுக்கு அந்த 'புஸ்' கேட்டது. எழுந்தும் விட்டாள், மடியிலிருந்த பொட்டலமெல்லாம் உருண்டது. கத்தவில்லை. சோறு விற்கிறவள் கத்தினால் யார் காதில் வாங்குவார்கள் என்று ஒரு கணம் தயங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்குக் கேட்டுச்சு பெர்தோ. எனக்குக் கேட்டுச்சுடா" என்று அதையே சொன்னாள்.

ரூஃபோவின் கட்டு அவிழ்த்த மாதமே நடுவர் வகுப்பில் பெயர் கொடுத்தாள். "ஏன்க்கா இந்த வம்பு? நீங்க பட்டாசு கூட வெடிக்க மாட்டீங்களே" என்றேன். "நடுவர் கத்தினா நிக்கணும்னு சட்டம் இருக்குல்ல?" என்றாள்.

ரூஃபோ அதன்பின் சுடவில்லை. பழுது பார்க்கிறவர் ஆனார். வெற்றுக்கூடு வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றால், கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கியின் ஸ்பிரிங்கை மாற்றுவார். தோட்டா மூக்கை இடித்துக்கொண்டு ஏறாவிட்டால் மேகசின் வாயைக் குறடால் லேசாக நெருக்குவார். எவனாவது தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டு வந்தால், "விசை மெத்துனு இருக்கணும்னு சொத்த ஸ்பிரிங்க மாட்டுவ, அது கேப்ப அடிக்காம டிக்குனு நின்னா என் தோட்டாவத் திட்டுவியா?" என்று விரட்டுவார். தோட்டா நிரப்புவதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கூட்டிலும் மருந்து விழுந்ததா என்று ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டு வைப்பார். கிளப்பில் பாதிப்பேர் சுடுவது அவர் தோட்டாதான். கையில் உதை குறைய வேண்டும் என்று, போட்டி விதி அனுமதிக்கிற அளவுக்கு மருந்தைக் குறைத்தே போடுவார். அதனால் எல்லா வெடியுமே கொஞ்சம் மெத்தென்றுதான் கேட்கும். அதிலே ஒரு 'புஸ்'ஸைப் பிரித்துக் கேட்பது லேசா?

வினையே அங்கேதான் வந்தது.

திவாவின் தம்பி ஹோவென். மணிலாப் போட்டிக்கு ஊர் சார்பாக ஒரே ஒரு ஆள் போகலாம். அதற்கான கடைசிச் சுற்று. ஆள் குறைவான கிளப், தம்பிக்கு அக்காவே நடுவர். பயல் அன்று சொதப்பிக்கொண்டிருந்தான். இரண்டு அட்டையைக் கோட்டைவிட்டான். மூன்றாவதில் சத்தம் ஒரு மாதிரி கேட்டது. "ஸ்டாப்!" என்று திவா அலறினாள். பயல் நின்றான். குழலில் குச்சி விட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

விதி என்னவென்றால், குண்டு சிக்கியிருந்தால் அது உன் தோட்டாவின் குற்றம், சுட்ட வரைக்கும்தான் மதிப்பெண். சிக்கவில்லை என்றால் நடுவரின் தவறு; முதலிலிருந்து மறுபடி சுடலாம். ஹோவென் மறுபடி சுட்டான். பிசாசு பிடித்தவன் மாதிரி சுட்டான். முதலிடம் அவனுக்கு. இரண்டாமிடம் எஞ்சினியர் லாப்பினிட்டுக்கு.

எஞ்சினியர் கெட்டவர் இல்லை. வாய்தான் கத்தி. சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்: "அதிர்ஷ்டக்காரன்டா ஹோவென். எனக்கும் இப்படி ஒரு அக்கா வேணும். நான் குறி தவறும்போதெல்லாம் 'ஸ்டாப்'னு கத்துறதுக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். திவாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. "சத்தம் கேட்டுத்தான் கத்தினேன் எஞ்சினியர். மாதா மேல சத்தியமா."

"யாரு இல்லேன்னது? காதும் உங்க காது, தம்பியும் உங்க தம்பி."

"வாயக் கழுவிட்டுப் பேசுங்க எஞ்சினியர்" என்று நான் எகிறினேன். ரூஃபோ என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். சொன்னது சொன்னதுதான். ஊரில் அந்தப் பேச்சு வெள்ளம் மாதிரி பரவியது. மீன் கடையில் கூட, "என்னக்கா, தம்பிக்கு ஒரு ஸ்டாப்பா?" என்று கேட்டான் ஒரு தறுதலை.

அதற்குப்பின் அக்கா என் வண்டியில் ஏறினால் சத்தமில்லை. வளைவு வரும். நான் காத்திருப்பேன். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். சிரித்த எனக்கே அந்த அமைதி பிடிக்கவில்லை.

அடுத்த போட்டி மழைக்காலத்தில் வந்தது. எஞ்சினியரின் முறை. பின்னால் திவா, பக்கத்தில் நான். கோட்டுக்கு வந்து நின்ற எஞ்சினியர் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு எனக்கும் தம்பி மாதிரி கவனிப்பு உண்டா?" என்றார். திவா டைமரை உயர்த்தினாள்.

டைமர் கத்தியது. எஞ்சினியர் ஓடினார். டமால், டமால். இரண்டாவது தடுப்பைத் தாண்டி ஓரமாகச் சாய்ந்து சுட்டார்.

புஸ்.

காதடைப்பானுக்குள் எனக்கே கேட்டது. ஈரப் பட்டாசு மாதிரி. திரும்பித் திவாவைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கண் எஞ்சினியரின் முதுகில் குத்தி நின்றது. 'கத்துக்கா, கத்து' என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொள்கிறது, என் நாக்கோ மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது. எஞ்சினியரின் இடது கை மேகசினைத் தட்டியது. ஸ்லைடை இழுத்தது. வெற்றுக்கூடு தெறித்தது. விரல் விசைக்குள் போயிற்று.

"ஸ்டாப்!"

மலையில் மோதித் திரும்பிய அந்தக் குரலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். எஞ்சினியர் அப்படியே நின்றார். துப்பாக்கி அட்டையைப் பார்த்தபடி இருக்க, தலையை மட்டும் திருப்பினார். "குழல் சுத்தமா இருந்தா எனக்கு மறுவாய்ப்பு. எழுதிக்கோ பெர்தோ" என்றார். ஆனால் குரலில் பழைய கூர்மை இல்லை. முகம் வெளிறியிருந்தது.

ரூஃபோவைக் கூப்பிட்டோம். மேகசினைக் கழற்றினார். ஸ்லைடை வலிந்து இழுத்ததும், உள்ளே இறுகி நின்றிருந்த தோட்டா கீழே விழுந்தது. முன்பக்கமாகக் குழலில் குச்சியை விட்டார். போயிற்று, போயிற்று, முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் டக்கென்று நின்றது. மறுபடி குத்தினார். டக்.

குச்சியை வெளியே எடுத்தார்.

"ஸ்லைடு மயிரிழை மூடாம நின்னிருக்கு" என்றார் ரூஃபோ. குரல் அவருடையதாகவே இல்லை. "குண்டு, தோட்டா ஏறுற வாசலுக்குப் பக்கத்துலேயே சிக்கிருக்கு. அதான் அடுத்த தோட்டா முழுசா ஏறல. மூடாத துப்பாக்கி வெடிக்காது. இன்னும் ஒரு விரல் தள்ளிப் போயிருந்தா நல்லா மூடியிருக்கும். எனக்கு அப்படித்தான் மூடுச்சு."

பின்னால் யாரோ கைதட்டினார்கள். "தெய்வம்க்கா நீங்க! காப்பாத்திட்டீங்க!" என்றார்கள். எஞ்சினியர் சேற்றில் சப்பென்று உட்கார்ந்தார்.

"நான் விசைய அழுத்திட்டேன்" என்றார், தன் விரலைப் பார்த்துக்கொண்டு. "அக்கா கத்துறதுக்கு முன்னாடியே அழுத்திட்டேன். வெடிக்கல."

கைதட்டல் நின்றது.

திவா அவர் முன்னால் வந்து நின்றாள். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. "நான் காப்பாத்தல எஞ்சினியர். எனக்கு உடனே கேட்டுச்சு. குழல் சுத்தமா இருந்துட்டா நீங்க என்ன சொல்வீங்களோன்னு நினைச்சேன். எல்லாரும் சிரிப்பாங்களேன்னு நினைச்சேன். பொறந்ததுலேருந்து இடிக்குப் பயந்தேன், கடலுக்குப் பயந்தேன், இந்தத் துப்பாக்கிக்குப் பயந்தேன். ஒருத்தருக்கும் கெடுதல் வரல. இன்னிக்கு உங்க வாய்க்குப் பயந்துட்டேன். அதுல உங்க உசுரே போயிருக்கும்."

எஞ்சினியர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். பெரிய மனிதன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ரூஃபோ கீழே கிடந்த தோட்டாவைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னோடது" என்றார் சத்தமாக. "சிக்கினதும் இதே பெட்டித் தோட்டாதான். மழையில மருந்து கட்டி தட்டி, மருந்து போடுற புனல் கழுத்துலேயே நின்னிருக்கு. ஒவ்வொண்ணாத்தான் பார்த்தேன். ஒண்ணு தப்பிடுச்சு. என் பெட்டி வச்சிருக்கவங்க யாரும் சுடாதீங்க, திருப்பிக் குடுங்க. உடைச்சுப் பார்த்துட்டுத்தான் தருவேன்." பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர் காலடியில் வந்து சேர்ந்தன. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. போட்டி அன்றோடு நின்றது.

சாயங்காலம் என் வண்டியில் எல்லாரும் மலை இறங்கினோம். எஞ்சினியர் தன் காரை மைதானத்திலேயே விட்டுவிட்டார். ஓட்ட மாட்டேன் என்றார். திவாவுக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். மழைத் தூறல். கோயில் வளைவு வந்தது. நாற்பது வருஷமாக அந்த வளைவு எனக்குப் பழக்கம். எதிரே வண்டி வந்தால் விளக்கு வெளிச்சம் முதலிலேயே பாறையில் தெரியும். ஒன்றும் தெரியவில்லை.

"நிறுத்து பெர்தோ!" என்று அலறினாள் திவா. "நிறுத்து!"

பிரேக்கை முழுசாக மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. எஞ்சினியர் தலை மேல்கம்பியில் இடித்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. இன்ஜினை அணைத்தேன். எல்லாரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எதிரே ஒரு நாய் கூட வரவில்லை.

"ஒண்ணுமில்ல போல" என்றாள் கொஞ்சம் கழித்து, வெட்கத்தோடு.

"இருக்கட்டும்க்கா" என்றார் எஞ்சினியர். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்."