அம்மை குத்திய கையில் சாணி

சென்ற கோடையில் எங்கள் கைக்குழந்தைக்குப் பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்தினோம். சில நாளில் கையில் கொப்புளம் எழும்பியது. நான் மில் வேலைக்குப் போயிருந்தபோது, மூலக்குளத்திலிருந்து வந்த என் நாத்தனார் அதன்மேல் பசுஞ்சாணியை அப்பித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"சூடு எறங்கட்டும். கட்ட அவுக்காத, ஆத்தா கோச்சுக்குவா" என்றாள். என் கணவரும் அக்கா பேச்சுக்குத் தலையாட்டினார்.

இரண்டு நாளில் நாற்றம் தாங்காமல் நானே பிரித்தேன். சாணியும் சீழும் குழைந்து கிடந்தன. ஈ மொய்த்தது. தோள்வரை வீக்கம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"கொப்புளம் வியாதி இல்லம்மா. அம்மைய எதுத்து நிக்க ரத்தம் பழகிக்கிற அடையாளம் அது. சாணியப் பூசி தனுர்வாயு வந்து ஒடம்பு வெறச்சிருந்தா கொழந்த பொழைச்சிருக்காது" என்று டாக்டர் கடிந்துகொண்டே கழுவிக் கட்டினார். நல்லவேளை, கை ஆறிவிட்டது.

பிறகு தெருவில் பெரியம்மை வந்தது. என் குழந்தையை அது தொடவில்லை. தன் சாணிதான் காப்பாற்றியது என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

இப்போது வீட்டில் யாருக்கு அம்மை குத்தினாலும், பொருக்கு உதிரும்வரை நான் வேலைக்குப் போவதில்லை; நாத்தனாரை உள்ளே விடுவதுமில்லை. பக்கத்து வீட்டுக்காரியோ, அது எந்த மாட்டுச் சாணி என்று என்னிடமே கேட்கிறாள்.