குடிக்காத குடிகாரன்

டேவிட் ராஜுக்குக் குடிகாரன் வேஷம் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். கடலூர் முதுநகரில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால், ஏரோது ராஜா யார் என்று முடிவாவதற்கு முன்பே, சத்திரத்து வாசலில் தள்ளாடுகிறவன் டேவிட்தான் என்று முடிவாகிவிடும். கொடுமை என்னவென்றால், திரையை இழுத்து மூடிய பிறகும் அவன் அந்த வேஷத்தைக் கலைக்கவில்லை. கட்டியவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் தாலியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

மிச்சமிருந்த உறவு அக்கா ஆரோக்கிய ராணி. பாவம், அவளுக்கு வாய்த்த லூர்துசாமியும் அதே ரகம். நல்ல கொத்தனார், கெட்ட குடி. மாமனும் மச்சானும் ஒரே கடையில் விழுந்து கிடப்பார்கள். அவள் ஒருத்தி போய் இரண்டு பேரையும் இழுத்து வருவாள். ஒரு தவக்காலத்தில் இருவரையும் கோணாங்குப்பம் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிமேல் குடிப்பதில்லை என்று முழந்தாளிட்டுச் சத்தியம் செய்ய வைத்தாள். எழுந்தபோது லூர்துசாமி மச்சானின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மாதா மேல பயம் கம்மிடா மச்சான். நீ தாக்குப்புடிக்கிற வரைக்கும் நானும் புடிப்பேன். நீ வுட்டா நானும் வுட்டுருவேன், சொல்லிட்டேன்."

இருவரும் தாக்குப்பிடித்தார்கள். வருடங்கள் ஓடின. ஆரோக்கிய ராணியின் முகத்தில் மறுபடியும் சதை பிடித்தது.

டேவிட்டுக்கும் உடம்பு தேறியது. ஆனால் தெளிந்தவனோடு சிரிக்க யாருமில்லை. பழைய கூட்டாளிகள் ஒதுங்கிப் போனார்கள். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜின் கீழே இருந்த ஏசி பாரில், வாசலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தும் வேலை கிடைத்தது. அக்காவிடம் 'ஓட்டல் வேலை' என்றான். மாமாவிடமும் அதையே சொன்னான்.

ஒரு மத்தியானம், போதையில் தன் பைக்கைத் தேடிய ஒருவரைப் போலவே அவன் நடந்து காட்ட, மேனேஜர் கதிர்வேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, இத அப்டியே ரீல்ஸ் போடுவோம். கடைல ஈ ஓட்டிக்கினு இருக்கோம்."

"நான் குடிக்கிறதில்ல தம்பி."

"உன்ன யாரு குடிக்கச் சொன்னா? பாலில்லாத டீய ஆறவச்சுக் கிளாஸ்ல ஊத்தறேன். பாட்டில் லேபிள் மட்டும் தெரியக் கூடாது, சரக்குக்கு வெளம்பரம்னு கேஸாயிடும். இன்னொண்ணு, டீன்னு வெளிய மூச்சு வுடாத. தெரிஞ்சா எவன் வருவான்?"

வீடியோ இதுதான். பார் வாசலில் ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இன்னியிலேருந்து தொடமாட்டேன் சாமி" என்று சத்தியம் செய்கிறான். வீட்டுப் பக்கம் திரும்புகிறான். உடம்பு வீட்டைப் பார்க்கிறது. கால்கள் பாருக்குள் போகின்றன. "நான் வரலப்பா... காலுதான் வருது!" உள்ளே போய் ஒரே மடக்கு.

பற்றிக்கொண்டது! கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டுத் திரும்புகிறவர்கள் காரை ஓரங்கட்டினார்கள். "அண்ணே, ஒரு தபா காலுதான் வருது சொல்லுண்ணே" என்று தோளில் கைபோட்டு செல்பி எடுத்தார்கள். டேவிட் பூரித்துப் போனான். எத்தனை நாள் பட்டினி கிடந்தவனுக்கு இந்தச் சிரிப்பு! மாமாவின் நினைப்பு வராமல் இல்லை. பட்டன் போன் வைத்திருக்கிற மனுஷன் இதை எங்கே பார்க்கப் போகிறார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை அவன் ஒதுக்கவே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் கட்டட வேலை. டைல்ஸ் ஒட்டுகிற பையன் போனை நீட்டினான். "மேஸ்திரி, இது உன் மச்சான்தான?" லூர்துசாமி பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு கரணையை வைத்தார், கையைக் கழுவினார், சிதம்பரம் பஸ் ஏறினார்.

டேவிட் அன்றைக்குப் படப்பிடிப்புக்காக உள்ளே வந்தபோது, மூலை மேஜையில் மாமா உட்கார்ந்திருந்தார். எதிரே பாதி காலியான குவார்ட்டர்.

"மாமா! என்னா பண்ற நீ?"

"வா மச்சான், வா. நீ சொன்ன மாதிரிதான். நான் வரல, காலுதான் வந்துது."

டேவிட் அவர் கிளாஸைப் பிடுங்கினான். சுற்றியிருந்தவர்கள் போனைத் தூக்கினார்கள். "செமண்ணே! யாரு இந்தப் பெருசு, புது ஆக்டரா?"

"ஷூட்டிங் இல்லய்யா! எங்க மாமாய்யா!" என்று அவன் கத்தினான். சிரிப்பு இன்னும் பலத்தது. மேஜையில் தனக்காக வைத்திருந்த கிளாஸை எடுத்து மாமாவின் உதட்டில் வைத்தான். "குடிச்சுப் பாரு மாமா. டீ! ஒரு நாளும் நான் தொடல, மாதா சத்தியமா தொடல!"

லூர்துசாமி ஒரு வாய் குடித்தார். அவர் முகம் கோணியது.

"டீயாடா?" கிளாஸைத் தள்ளிவிட்டார். "டீயக் குடிச்சாடா என்னைய இங்க இழுத்தாந்த?"

டேவிட் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கதிர்வேல் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். இருவரும் பஸ் ஏறிப் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அந்த அழுகை ஊரெல்லாம் ஓடியது. வீடியோவின் கீழே எமோஜிகளின் மஞ்சள் முகங்கள் வரிசை வரிசையாகச் சிரித்தன.

வீட்டு வாசலில் ஆரோக்கிய ராணி நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி முன்பே காட்டியிருந்தாள். கணவனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஊதுடா."

ஊதினான். அவள் மோந்து பார்த்தாள். நாற்றம் இல்லை.

"பாத்தியாக்கா? நான் குடிக்கல..." என்று அவன் முடிக்கவில்லை.

"குடிச்சிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்டா. போதைல செஞ்சான்னு மனசத் தேத்திப்பேன். நீ தெளிவா இருந்து செஞ்சிருக்கியே!"

புருஷனைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்தப்பட்டது.

மறுநாளே டேவிட் வேலையை விட்டான். லூர்துசாமி குடியை விடவில்லை. இப்போது அவர் முதுநகர்க் கடையிலேயே குடிக்கிறார். சாயங்காலமானால் டேவிட் அந்தக் கடைக்கு வெளியே போய் நிற்கிறான். "என்னாண்ணே, இங்கயும் ஷூட்டிங்கா?" என்று போகிற வருகிறவர்கள் கேட்கிறார்கள். சிலர் அவனைப் பார்த்த சந்தோஷத்தில் உள்ளேயும் போகிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். மாமா வெளியே வந்ததும் கைத்தாங்கலாகப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திப் போகிறான். அக்கா வந்து மறுகையைப் பிடித்துக்கொள்கிறாள். தம்பியின் பக்கம் அவள் பார்ப்பதே இல்லை.