மைக் செட் சாலமனும் ஜப்பான் தண்ணீரும்

ஒரு மடக்கு வெந்நீர். மைக்கின் தலையில் நகத்தால் இரண்டு தட்டு. பிறகு தொண்டையைச் செருமாமல் நேரே பேச்சு. "செருமினேன்னு வெச்சிக்குங்க, யாரோ செத்துட்டாங்கன்னு ஜனங்க வெளிய ஓடியாந்துடறாங்க" என்கிறார் சாலமன். ஆட்டோவின் கூரையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். ஓட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் மைக்கைப் பிடிக்கக் கை கிடையாது. பழைய குடைக்கம்பியை வளைத்துக் கழுத்தில் மாட்டி, அதன் நுனியில் மைக்கைக் கட்டியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் எதையோ முகர்ந்துகொண்டே ஓட்டுகிறவர் போலத் தெரியும்.

மரக்காணத்திலிருந்து தெற்கே கோட்டக்குப்பம் வரை, மேற்கே பெருமுக்கல் வரை அவருடைய எல்லை. துக்கம், திருவிழா, ரேஷன் கடையில் பாமாயில் வந்தது, காணாமல் போன ஆடு எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். எழுதிக் கொடுப்பதை அப்படியே படிக்க மாட்டார். 'பராமரிப்புப் பணிகள் காரணமாக மின்விநியோகம் நிறுத்தப்படும்' என்று தாள் வந்தால், "நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குக் கரண்டு போயிடும், மாவு அரைக்கறவங்க இன்னைக்கே அரைச்சிக்குங்க" என்று போகும். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது ஒலியைக் குறைப்பார். உப்பளங்களுக்கு நடுவே செல்லும் நேர் சாலையில் ஆளே இல்லாவிட்டாலும் குறைக்க மாட்டார். பாத்தியில் குனிந்து வேலை செய்கிறவர்களின் காதில் விழ வேண்டுமே.

இப்படி ஊருக்கெல்லாம் பேசுகிற மனிதர் வீட்டுக்குள் நுழைந்தால் ஊமை. அவருடைய மனைவி ஜான்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொழம்புல உப்பு இல்லன்னாகூட வாயத் தொறக்க மாட்டாரு. நான் சாப்பிட்டுப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். உப்பு வெளையற ஊர்ல இப்படி ஒரு ஆளு."

சாலமனுக்கு வயது ஐம்பத்தாறு. அவரைப் பற்றி எழுதுவதற்காக மூன்று நாள் அவருடைய ஆட்டோவின் பின்சீட்டில் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து சுற்றினேன். இரண்டாம் நாள்தான் அவர் தனகோடி விஷயத்தைச் சொன்னார். அதைச் சொல்லும்போது ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

பல வருடங்களுக்கு முன் உப்பளத் தொழிலாளி தனகோடி பாத்தியிலேயே மயங்கி விழுந்தார். அவருடைய உறவினர் ஒருவர் சாலமனுக்கு போன் செய்தார். "தனகோடி பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாரு" என்பதுதான் செய்தி. காற்றிலும் லாரி இரைச்சலிலும் சாலமனுக்குக் கேட்டது 'தனகோடி' என்பதும் 'போயிட்டாரு' என்பதும் மட்டும். அவர் ஆட்டோவை எடுத்துவிட்டார். துக்கத்துக்கென்று வைத்திருக்கும் நிதானமான குரலில் மூன்று ஊர்களுக்குச் சொல்லிவிட்டார். தனகோடியின் மனைவி ஆராயி அப்போது வேறொரு அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். சாலையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் அப்படியே உப்புத் தண்ணீருக்குள் முட்டி மடங்கி விழுந்தார். பரல் உப்பு இரண்டு முட்டியையும் கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உயிரோடுதான் இருக்கிறார் என்பது அன்று மாலைதான் வீட்டுக்குத் தெரிந்தது. பதினொரு நாள் கழித்து தனகோடி திரும்பி வந்தார். நேராக சாலமன் வீட்டுக்குத்தான் வந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்து சாலமன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். "ஏம்பா, செத்துட்டேன்னு நீதானே சொன்ன? உசுரோட இருக்கேன்னும் நீயே சொல்லிடு" என்று தனகோடி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாலமன் அறிவித்துக்கொண்டே போக, தனகோடி வழியெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தார். ஊர் சிரித்துத் தீர்த்தது.

ஆராயி சிரிக்கவில்லை. அன்றோடு சாலமனிடம் பேச்சை நிறுத்தினார். ஒன்பது வருடம் கழித்து தனகோடி உண்மையாகவே இறந்தபோது, அந்தத் துக்கத்தைச் சொல்லத் திண்டிவனத்திலிருந்து வேறு மைக் செட்டை வரவழைத்தார். சாலமன் தன் ஆட்டோவை வீட்டில் விட்டுவிட்டுச் சுடுகாடு வரை நடந்தே போனார்.

தனகோடி விஷயத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கொள்கை ஏற்பட்டது. கண்ணால் பார்க்காததைச் சொல்வதில்லை. துக்கம் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாமாயில் என்றால் ரேஷன் கடையில் டின்னை எட்டிப் பார்ப்பார். ஆடு காணவில்லை என்றால்கூட, அது கட்டியிருந்த முளைக்குச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வண்டியை எடுப்பார். "அது ஒரு வியாதிங்க" என்றார் ஜான்சி.

அந்த வியாதி முற்றிப்போனது ஜப்பான் தண்ணீர் வந்த ஆவணி மாதத்தில்.

ஜப்பானில் சுனாமியால் நாசமான அணுமின் நிலையத்தில் வருடக்கணக்காகத் தேக்கி வைத்திருந்த தண்ணீரைச் சுத்திகரித்துக் கடலில் விடத் தொடங்கிய நேரம் அது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. மரக்காணம் கரையில் பேச்சு வேறு மாதிரி வந்தது. யாரோ ஒரு பெண் அழாத குறையாகப் பேசிய வாட்ஸ்அப் குரல்செய்தி: 'ஒரே மாசத்துல அந்தத் தண்ணி நம்ம கடலுக்கு வந்துடும். அதுக்கப்புறம் எடுக்கற உப்பத் தொடாதீங்க.' முதல் நான்கு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசையாக நின்றன. சென்னைக்காரர்கள் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி டிக்கியில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் இன்னொரு செய்தி வந்தது. தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டதாம். கார்கள் நின்றுபோயின, லாரிகளும் நின்றுபோயின. குப்பங்களில் மீன் கூடையோடு போன பெண்கள் கூடையோடே திரும்பினார்கள். பக்கத்தில் கல்பாக்கம் இருக்கிறது. சுனாமியை இந்தக் கரை கண்ணால் பார்த்திருக்கிறது. பயம் பிடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்?

ஒரே நாளில் இரண்டு பேர் சாலமனைத் தேடி வந்தார்கள். முதலில் உப்பு வியாபாரி மணிவண்ணன்.

"ணா, நாலே வரி. ஜப்பான் தண்ணி வர்றதுக்கு முன்னாடி எடுத்த சுத்தமான பழைய உப்பு எங்கிட்ட மட்டும்தான் இருக்குது. அவ்ளோதான், சொல்லிடு."

"எந்தத் தண்ணி? எப்ப வருது?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சே, நீ பாக்கல?"

"வாட்ஸ்அப்பப் பாத்தேன். தண்ணியப் பாக்கலியே."

மணிவண்ணன் போன பிறகு மீனவர் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். நம் கடலுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் விற்காது என்றார். "எனக்கும் அப்படித்தான் இருக்கணும்னு ஆசை. ஆனா யாரு பாத்தாங்க?" என்று கேட்டார் சாலமன். சங்கத்துக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வெஷம்னு சொல்றியா?" "அதையும் பாக்கலியே" என்றிருக்கிறார் இவர். வந்தவர் எழுதிக் கொண்டுவந்திருந்த தாளைக் கசக்கி முற்றத்தில் எறிந்துவிட்டுப் போனார்.

தான் செய்தது சரி என்று சாலமன் நினைத்துக்கொண்டிருந்தார். ஜான்சிதான் சொன்னார்: "நீங்க வாய மூடிகினு இருந்தா அதுக்கும் ஊரு ஒரு அர்த்தம் வெச்சிக்கும்." அப்படியே ஆயிற்று. 'சாலமனே வாயத் தொறக்கலன்னா ஏதோ இருக்குது' என்று டீக்கடைகளில் பேச்சு கிளம்பியது. வதந்தியைச் சொல்லாமல் இருந்ததே ஒரு வதந்தியாகிவிட்டது. அளங்களில் வேலை நின்றது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு ஏற்றுவாரின்றிக் கிடந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, வாசலில் ஆராயி வந்து நின்றார். பேச்சை நிறுத்திய பிறகு முதல்முறையாக அந்தப் படியை மிதிக்கிறார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அன்னிக்கி இல்லாததச் சொன்ன. இன்னிக்கி இருக்கறதையாவது சொல்லு. எம்பொண்ணு முழுகாம இருக்கறா. எங்களுக்கு வேல போனா போவுது, அவளுக்கு நான் மீனு ஆக்கிப் போடறதா, வாணாமா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார் சாலமன். "தெரிஞ்சிகினு வா" என்று சொல்லிவிட்டு ஆராயி திரும்பி நடந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கல்யாண மண்டபத்தில் அரசாங்கம் கூட்டம் போட்டது. மைக் செட் சாலமனுடையது. மேடையில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் மைக் செட்காரன் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் முப்பது வருடமாகக் காத்துவந்த தொழில் தர்மம். அதிகாரி ஒருவர் யாரும் பீதியடைய வேண்டாம் என்று நான்கு முறை சொன்னார். நான்காவது முறை பின்வரிசையிலிருந்து ஒரு செருப்பு பறந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் பூங்குழலி கடல் நீரோட்டங்களின் படத்தைக் காட்டி எண்களாகச் சொன்னார். ஒரே கூச்சல். ஒருவருக்கும் எதுவும் காதில் ஏறவில்லை. அப்போது ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து, எல்லோருக்கும் பழகிய குரல் கேட்டது.

"மேடம், ஒரு சந்தேகம். நம்ம மரக்காணத்துத் தண்ணிய நீங்க எப்ப எடுத்துப் பாத்தீங்க?"

மண்டபம் அடங்கிவிட்டது. அதிகாரி திரும்பி முறைத்தார். பூங்குழலி படத்தை விட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"இங்க நான் இன்னும் எடுக்கலைங்க. வேற இடங்கள்ல எடுத்ததத்தான் சொல்றேன்."

"அப்ப எடுங்க மேடம். நான் கூட வர்றேன்."

"வாங்க. நாளைக்கே எடுக்கலாம்" என்றார் பூங்குழலி. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முப்பது வருடத் தர்மத்தை மீறியதைச் சொல்லும்போது சாலமன் இப்போதும் வெட்கப்படுகிறார்.

மறுநாள் பாதி ஊர் பின்னால் வந்தது. அழகன்குப்பம் கரையில் கடல் நீர், முகத்துவாரத்தில் உப்பங்கழி நீர், ஆராயி வேலை செய்யும் பாத்தியில் உப்பு, ஒரு கூடையிலிருந்து இரண்டு மீன் என்று எடுத்துக்கொண்டே போனார்கள். சாலமன் ஒவ்வொரு இடத்திலும் எட்டிப் பார்த்தார். நடுவே ஒரு கேள்வி.

"சோதிச்சு முடிச்சதும் கதிர்வீச்சு துளிகூட இல்லன்னு சொல்லிடலாமா மேடம்?"

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. இயற்கையாவே கடல்ல எப்பவும் கொஞ்சம் இருக்கும். உங்க பாட்டன் காலத்துலயும் இருந்துச்சு. அதுக்கு மேல கூடியிருக்கான்னுதான் பாக்கறோம்."

சாலமன் முதலில் மிரண்டுபோனார். பிறகு அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. "ஒண்ணுமே இல்லன்னு அந்தம்மா சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார் என்னிடம்.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "தண்ணி எடுத்தாங்க, பாத்தேன். பதிலு வரல." கையெழுத்திட்ட தாள் வந்த அன்று, வெந்நீர்கூடக் குடிக்காமல் ஆட்டோவை எடுத்தார். அன்று சொன்னது இன்றும் அவருக்கு மனப்பாடம். எனக்காக ஒருமுறை, மைக் இல்லாமல், சொல்லிக் காட்டினார்:

"நான் சாலமன் பேசறேன். நம்ம கடல்லயும் உப்பளத்துலயும் தண்ணி, உப்பு, மீனு எடுத்தாங்க. எடுத்தத நான் கூட நின்னு பாத்தேன். மிஷின்ல வெச்சத நான் பாக்கல, அது சென்னையில. எப்பவும் இருக்கற அளவுதான் இருக்குது, கூடல, உப்பு சாப்பிடலாம், மீனு சாப்பிடலாம்னு பூங்குழலி மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இது அன்னிக்கி எடுத்த தண்ணிக்கு. ஆறு மாசம் கழிச்சி மறுபடியும் எடுப்பாங்க. அன்னிக்கும் நான் போவேன். பேப்பரு ஆட்டோவுல இருக்குது, யாரு வேணா வாங்கிப் பாத்துக்குங்க."

உப்பளச் சாலையில் ஆராயி வரப்பிலிருந்து இறங்கி வந்து ஆட்டோவை மறித்தார். தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் அவர் வீட்டில் மீன் குழம்பு கொதித்ததாக ஜான்சிக்குத் தகவல் வந்தது.

லாரிகள் உடனே வந்துவிடவில்லை. பத்து நாள் ஆனது. அதற்குள் மழை வந்து ஓர் அம்பாரத்தில் பாதியைக் கரைத்துவிட்டது. இன்னும் சிலர் நம்பவில்லை. அவர்களைச் சாலமன் குறை சொல்வதில்லை. ஆராயியை நான் அளத்தில் பார்த்தேன். பேரன் இப்போது ஓடுகிறானாம். மைக்கில் சொன்னதைக் கேட்டுத்தான் நம்பினீர்களா என்று கேட்டேன். "மைக்குக்கு இல்லீங்க. மிஷின்ல வெச்சத நான் பாக்கலன்னு சொன்னாரு பாருங்க, அதுக்கு" என்றார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வந்ததில், போன வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது முறையாகத் தண்ணீர் எடுத்தார்கள். முதல் முறை வந்த கூட்டம் இல்லை, டிவிக்காரர்கள் இல்லை. அணு உலை, ஜப்பான் என்ற பேச்செல்லாம் டீக்கடைகளைவிட்டு என்றோ போய்விட்டது. அழகன்குப்பம் கரையில் பூங்குழலி, சாலமன், நான் மூன்று பேர்தான். சாலமன் பேன்ட்டைச் சுருட்டாமலேயே பூங்குழலியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவர் பிடித்த கேன் நிரம்பும்வரை அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பூங்குழலி மூடியைத் திருகி, பேனாவால் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, கேனை அவரிடம் கொடுத்தார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது, பின்னாலிருந்து ஒரு பெரிய அலை எழுந்து வந்தது. தலைவரை நனைந்த சாலமன் முகத்தைத் துடைக்கவில்லை. மை கரைந்துவிடாமல், சீட்டில் தேதி இருந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.