பட்டறைக் கால்

வெந்நீரில் ஊறிய காலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, விரல் விரலாகத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள் அவள். வயதானவர்களின் நகத்தை ஊறவைக்காமல் வெட்டினால் சில்லாகத் தெறித்துக் கண்ணில் விழும். நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் படித்தவள். அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்திருந்தாள். தெரு என்னவோ அவளுக்கு நகவெட்டி என்றுதான் பெயர் வைத்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு போனை எடுத்தால் அவளே "நகவெட்டி பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கு மடியில் கிடந்தது லாரிக்காரரின் கால். மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறையில் தனியாக இருப்பவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகுதான், இனிக் காலை வேறு யாராவது பார்த்தால் நல்லது என்று அவளைக் கூப்பிட்டிருந்தார். எத்தனையோ வருஷமாகத் தெரிந்த மனிதர்தான் என்றாலும் ஷூ இல்லாமல் அவரை யார் பார்த்தது?

இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் பாதிவரை ஒட்டியிருந்தன. அடுத்த காலைத் தூக்கினாள். அதிலும் அப்படியே.

அவள் கை நின்றுவிட்டது. அவளுடைய புருஷனுக்கு இதே கால். கொழுந்தனாருக்கும், நாத்தனாருக்கும் இதேதான். மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் கழுவிய, மருந்து போட்ட கால்கள் எல்லாமே இப்படித்தான். அதற்கு அவளாக ஒரு பெயர்கூட வைத்திருந்தாள்: பட்டறைக் கால்.

பட்டறை என்றால் மர அறுவைப் பட்டறை. இந்தத் தெருவே அதைச் சுற்றி முளைத்ததுதான். ஆரம்பித்தவர்கள் அண்ணனும் தம்பியும். ஏதோ தகராறில் தம்பி கோபித்துக்கொண்டு ஒரே ஒரு ரம்பத்தோடு கிளம்பிப் போனவர், போனவர்தான். அண்ணனின் பேரப்பிள்ளைகள்தான் அவள் புருஷனும் கூடப்பிறந்தவர்களும். கொழுந்தனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்க நிலம் இல்லாமல் போனதும் குடும்பத்தை அளக்க ஆரம்பித்தார். ஆண்டுக் கடைசி விடுமுறையில் சொந்தபந்தம் மொத்தத்தையும் ஒரு ஹாலில் கூட்டி, வம்சப் படத்தை பேனராக அடித்து மாட்டப்போகிறார். அதில் தம்பி கிளை மட்டும் மொட்டையாக நிற்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க அப்பா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றார் லாரிக்காரர். அப்பா சின்ன வயதிலேயே அநாதையாம். தன் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம். ஆனால் மரவேலை தெரியுமாம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. நோயாளிக்குக் காய்ச்சல் என்றால்கூடத் தெர்மாமீட்டரை இரண்டு தடவை வைத்துப் பார்க்கிறவள், வம்சம் விஷயத்தில் ஒரே தடவையில் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"நீங்க எங்க வீட்டு ஆளு" என்றாள். "இந்த விரல் பொய் சொல்லாது."

அவர் நம்பவில்லை. இவள் விடவுமில்லை. கடைசியில் அவர் தன் காலையே யாரோ புதிதாகக் கொண்டுவந்து கொடுத்தது மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உறவு முறை என்று பார்த்தால் இனி அவர் அவளுக்கு மூத்தார். புருஷனுக்கு அண்ணன் முறை. மூத்தாரின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மீதி நகத்தை வேறு பக்கம் பார்த்தபடி வெட்டியதில் ஓரிடத்தில் சதையில் பட்டும்விட்டது.

கொழுந்தனாருக்குச் சொன்னதும் அவர் வந்து, செருப்பைக் கழற்றித் தன் காலை லாரிக்காரரின் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பேனர்க் கடைக்குப் போய், மொட்டைக் கிளையின் நுனியில் லாரிக்காரரின் பெயரை ஏற்றிவிட்டார். லாரிக்காரர் முடிவெட்டிக்கொண்டார். சலூனில் காரணமும் சொன்னதால் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எல்லோருக்கும் விடுமுறைக்கு ஆள் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிற மனிதர், இந்தத் தடவை, "எங்க வீட்டு விசேஷம்" என்று ஷெட்டுக்காரனிடம் சொல்லிச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

ஹாலில் விரிப்பு போட்டிருந்ததால் எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. லாரிக்காரர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். கொழுந்தனாரின் பிள்ளைகள் பெரியப்பா என்றார்கள். நாத்தனார் அண்ணே என்றாள். நாத்தனாரின் புருஷனை அவர் வாய் நிறைய, "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில் அந்த மனிதருக்கு ஒரு சுற்று உடம்பு கூடிவிட்டது. நகவெட்டியும் சும்மா இல்லை. கண்டுபிடித்த பெருமையில் வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து அவர் காலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சின்ன மாமனாரின் பிள்ளைகள் வந்தார்கள். மாமனாரின் தம்பி மக்கள். வேறு ஊரில் இருப்பவர்கள். "நீங்களும் காலைக் காட்டுங்க" என்று உரிமையோடு வேட்டியைத் தூக்கச் சொன்னாள். ஒருவருக்கும் விரல் ஒட்டவில்லை. அவர்கள் தங்கச்சியைப் பார்த்தாள். அங்கேயும் ஐந்து விரலும் ஐந்து பக்கம்.

அவளுடைய மூளை முதலில் போன திசையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என்றைக்கோ செத்துப்போன சின்ன மாமியார் மேல் சந்தேகப்பட்டாள். பாவம், நல்ல பொம்பளை என்றுதான் நினைத்தோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

பிறகுதான் துண்டு ஞாபகம் வந்தது. படுக்கையில் கிடந்த மாமியாருக்குக் கால் கழுவி, ஒட்டிய விரலுக்கு நடுவில் ஈரம் தங்காமல் துண்டு முனையைத் திரித்து விட்டது அவள்தான். அந்தக் கால் மாமியாருடையது. மாமியார் பட்டறைக்கு வாழ வந்தவள். மாமனாரோ இவளுடைய கல்யாணத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். அவர் விரல் ஒட்டியிருந்ததா விலகியிருந்ததா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில் பார்த்த கால்களை வைத்து ஒரு வம்சத்துக்கே பட்டா போட்டுவிட்டாள்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தப்பான மருந்து கொடுத்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். லாரிக்காரரின் எதிரில் போய் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

கொழுந்தனார் பேனரைப் பார்த்தார். அதைத் திரும்ப அடிக்க ஆகும் நேரத்தை மனசுக்குள் அளந்திருப்பார். லாரிக்காரர் எழுந்து, வாசலில் குவிந்திருந்த செருப்புகளுக்குள் தன்னுடைய ஷூவைத் தேட ஆரம்பித்தார்.

"நான் வரேங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார், தப்பு செய்தவர் அவர்தான் என்பதுபோல.

நாத்தனார்தான் குறுக்கே போய் நின்றாள். "அண்ணி, அப்போ இது எங்க அம்மா காலு."

"ஆமா. ஆனா நிச்சயமா சொல்ல முடியாது. ஊர் உலகத்துல எத்தனையோ பேருக்கு விரல் ஒட்டியிருக்கும்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்போ கேட்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எங்க அம்மாவோட அப்பா யாரு? எந்த ஊரு?"

எல்லோரும் நகவெட்டியைப் பார்த்தார்கள். மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தானே. மாமியாருக்கு எந்தப் பக்கம் புண் வந்தது, எந்த மாத்திரையைத் துப்புவாள், எத்தனை நாளைக்கு ஒருதரம் வயிறு போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்பா பேர் தெரியாது. கேட்டதே இல்லை. வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுத்தான் அவளோடு எப்போதும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாத்தனார் பேனர் பக்கம் திரும்பினாள். அவள் அம்மா பெயர், அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே ஒரு கோடுகூட இல்லை.

"எங்க அம்மா என்ன, வானத்துலேர்ந்தா குதிச்சா?" என்று சர்வேயரைக் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். நாத்தனார் லாரிக்காரரின் கையிலிருந்த ஒற்றை ஷூவை வாங்கிக் கீழே போட்டாள். "அப்பா ஆளுங்க ஹால் நிறைய உக்காந்திருக்காங்க. அம்மா ஆளுன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் வந்திருக்கீங்க. சாப்பிடாம எப்படிப் போவீங்க? அம்மா பொறந்த ஊர் வரைக்கும் நாளைக்குப் போவோம். அங்க ஒரு கிழவி உசிரோட இருக்கறதா கேள்வி. கேட்டுப் பார்ப்போம்."

"அம்மா வழின்னா நீ இவரை அத்தான்னு இல்ல கூப்பிடணும்?" என்றார் நாத்தனாரின் புருஷன். "காலையில அண்ணன், மத்தியானம் அத்தான். நான் எங்க போய் நிக்கறது?"

ஹாலே சிரித்தது. பெரியப்பா என்ற பிள்ளைகள் மாமா என்று மாற்றிக்கொண்டு அவரை இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்கள். லாரிக்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் வீடுவரை கூடப் போன நகவெட்டி, மூத்தார் பட்டத்தைத் தூக்கிப்போட்டுப் பழையபடி அண்ணே என்று ஆரம்பித்து, மன்னிப்புக் கேட்க ஒரு பத்து வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். அவர் முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு அந்தக் கிழவி இல்லைன்னு சொல்லிட்டா?"

அவள் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. "சொல்லலாம். இல்லைன்னு வரத்தான் வாய்ப்பு அதிகம்."

"அப்போ ஏன் போகணும்?"

"வேண்டாம்னா சொல்லிடறேன். நாத்தனார் என்னைத் திட்டுவா. திட்டட்டும்."

கொஞ்ச நேரம் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் நாத்தனாரின் கார் ஷெட் வாசலில் வந்து நின்றபோது, இஸ்திரி போட்ட வேறொரு சட்டையில் லாரிக்காரர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நகவெட்டியும் கைப்பை, தண்ணீர் பாட்டில், காபி பிளாஸ்க் சகிதம் தயாராக வந்திருந்தாள். பின் கதவைத் திறக்கப் போனவளை நாத்தனார் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வர வேண்டாம் அண்ணி. போற வழியில பார்க்கற காலையெல்லாம் சொந்தமாக்கி வண்டியில ஏத்திடுவீங்க."

அவள் பிளாஸ்க்கை ஜன்னல் வழியாக நீட்டினாள். சர்க்கரை போடாதது என்று சொன்னாள். கார் நகர்ந்து தெருமுனையில் திணறியது. முன்சீட்டில் இருந்த லாரிக்காரர், "தம்பி, இரண்டாவது கியருக்கு மாத்துங்க" என்று நாத்தனார் புருஷனை அதட்டுவது கேட்டது. உறவு முறையை அவர் சரியாகத்தான் மாற்றியிருந்தார். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பேனரைக் கழற்ற ஹாலுக்கு நடந்தாள்.