போஷெனா முன்னால் நடக்கிறாள்

போஷெனாவின் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. போலந்தில், எங்கள் தோருன் நகரத்துப் பழைய சதுக்கத்தின் ஓரம் ஒரு செங்கல் கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் இரண்டாம் மாடியில் கடைசி அறைக்கு அவள்தான் காவல். உட்கார்ந்திருப்பதுதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஆள் உள்ளே வந்ததும் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலடி தள்ளி அவர் பின்னாலேயே போக வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும், குனிந்தால் "தொடாதீங்க" என்று சொல்லத் தயாராக வேண்டும். சாயங்காலம் கடைசி ஆளும் இறங்கிப் போய்விட்டாரா என்று காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துக் கதவைச் சாத்த வேண்டும்.

அவள் அறையில் இருப்பவை தேன் ரொட்டி அச்சுகள். தேனும் மசாலாவும் போட்டுச் சுடுகிற அந்த ரொட்டிக்கு எங்கள் ஊர் பேர்போனது. எந்தக் காலத்திலோ மரத்தில் செதுக்கிய ராஜா, ராணி, மீன், தொட்டில் குழந்தை எல்லாம் சுவர் முழுக்கத் தொங்கும். ஆனால் வழிகாட்டிகளுக்கு அந்த அறை வெறும் நடைபாதை. "இதெல்லாம் ரொட்டி அச்சு, அடுத்து சாய்ந்த கோபுரம், வாங்க வாங்க" என்று அரை நிமிஷத்தில் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போஷெனாவுக்கு வயிறு எரியும். ஆனால் வாய் திறக்க முடியாது. காவலில் இருப்பவர்கள் விளக்கம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில் தானே வழிகாட்டித் தேர்வுக்கு மனுப் போட்டாள். எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அடுத்தது நடைத் தேர்வு. தேர்வாளர்கள் மூன்று பேர் சுற்றுலாப் பயணிகளைப் போல வருவார்கள். ஒரு மணி நேரத்தில் அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, வெளியே சில தெரு தள்ளி இருக்கிற சாய்ந்த கோபுரத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

வசந்த காலத்தில் நடந்த முதல் தேர்வில் அவள் மானம் கப்பலேறியது. வாசலில் அழகாக வணக்கம் சொன்னாள். பிறகு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்று, "நீங்க முன்னாடி போங்க" என்றாள். போனார்கள். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நடந்தாள்! சொன்னதெல்லாம் சரியாகத்தான் சொன்னாள், ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து. நடுவில் தாடிக்காரத் தேர்வாளரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அலாரம் அடிக்கும்" என்று அதட்டல் வேறு. வராந்தா இரண்டாகப் பிரிகிற இடத்தில் யார் வழி காட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமைத் தேர்வாளர் லிப்ஸ்கா அம்மையார் கண்ணில் பட்ட கதவைத் திறந்தார். அது ஆண்கள் கழிப்பறை.

"அறிவு அபாரம். ஆனால் நாங்கள்தான் இவரைக் கூட்டிக்கொண்டு போனோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கணவன் ஜெனோன் டிராம் ஓட்டுநர். பக்கத்து ஊரான பித்கோஷ்சில் பிறந்தவன். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் என்றைக்குமே ஆகாது. சும்மா இருப்பானா?

"எங்க ஊர்ல கக்கூஸைக் காட்டறதுக்கெல்லாம் வழிகாட்டி வெச்சுக்கறதில்ல, போஷெங்கா."

"உங்க ஊர்ல பாக்கறதுக்கு வேற என்னடா இருக்கு?" என்று சொல்லி, பியெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். தள்ளிவிட்டு அழுதுவிட்டாள். அவன் பயந்துபோய்த் தட்டை அவள் பக்கமே திருப்பித் தள்ளினான்.

நவம்பரில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அவளுக்கோ அறுபதில் ஓய்வு. ஆக, இதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனோனைச் சுற்றுலாப் பயணியாக்கி ஆற்றங்கரை மதில் ஓரமாகப் பழகினாள். அவள் முன்னால், அவன் பின்னால். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, டிராம் ஓட்டறவன் ஆள் இருக்கா ஆள் இருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாத்தா வண்டி எங்க போயி முட்டும்?"

"உனக்குக் கண்ணாடி மாட்டிக் குடுத்திருக்காங்க."

"உனக்குக் காது குடுத்திருக்கே! இருபத்திரண்டு வருஷமா காதாலதான பொழப்பு நடத்துற?"

அது அவளுக்கு உறைத்தது. அக்டோபர் முடிவதற்குள் திரும்பாமல் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

தேர்வு நாளில் நல்ல குளிர். அதே மூன்று பேர்: லிப்ஸ்கா அம்மையார், தாடிக்காரர், ஒல்லியாக ஒரு இளைஞர். கீழே மேலங்கிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.  போஷெனா முன்னால் நடந்தாள். முற்றத்தைக் காட்டினாள், மேயர்களின் படங்கள் மாட்டிய பெரிய கூடத்தைக் காட்டினாள், கூட்டிக்கொண்டு குறுகலான செங்குத்துப் படிகளில் ஏறினாள். பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. நமக்கு இது வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

இரண்டாம் மாடியில் கால் வைத்தபோது காது எதையோ தேடியது. பின்னால் இரண்டு ஜோடிக் காலடிதான் கேட்டது. லிப்ஸ்கா அம்மையாரின் குதிகால் செருப்பு டக் டக்கென்று தட்டிக்கொண்டே வரும். அதைக் காணோம்.

மணியைப் பார்த்தாள். இன்னும் இருபத்தைந்து நிமிஷம். இப்போதே கிளம்பினால்தான் கோபுரத்துக்குப் போய்ச் சேரலாம். திரும்பிப் போய் மறுபடி பின்னால் நின்றால் என்ன எழுதுவார்கள் என்பதும் தெரியும்.  "ஒரு நிமிஷம்" என்று மற்ற இருவரையும் நிற்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

படி திரும்புகிற இடத்தில் லிப்ஸ்கா அம்மையார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க போங்க போஷெனாம்மா. நான் மெதுவா வர்றேன். உங்களுக்கு நேரம் ஓடுது."

"ஓடட்டும் அம்மா. ஒருத்தர உள்ள விட்டுட்டு நான் கதவச் சாத்துனதே இல்ல. கையக் குடுங்க."

"கோபுரம்?"

"அது எத்தனையோ நூறு வருஷமா சாஞ்சுதான் நிக்குது. இன்னிக்கு ஒண்ணும் விழாது."

படிக்கு ஒரு நிமிஷமாக ஏறி, தன் அறைக்குக் கூட்டிவந்து, தன் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்தாள். மேஜைக்கடியில் இருந்த குடுவையைத் திறந்து, எலுமிச்சை போட்ட டீயை ஊற்றிக் கொடுத்தாள். போனது போனதுதான், இனி என்ன பயம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. சுவரில் ஒரு அச்சைக் காட்டினாள். கல்யாண வண்டி, பூட்டிய குதிரை.

"குதிரைக்கு எத்தன கால்னு எண்ணுங்க."

தாடிக்காரர் குனிந்தார். இளைஞர் மண்டியே போட்டுவிட்டார்.

"அஞ்சு!" என்றார் இளைஞர்.

"அஞ்சேதான். செதுக்குனவரு ஒரு காலத் தப்பான எடத்துல வெட்டிட்டாரு. அப்புறம் சரியான எடத்துலயும் வெட்டிட்டாரு. மரத்துல வெட்டுனத அழிக்க முடியுமா? வாயைத் திறக்காம மாவ வெச்சு அமுக்கி, பணக்கார வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பியிருப்பாரு. எவன் எண்ணுனான்? தின்னுருப்பாங்க."

லிப்ஸ்கா அம்மையார் டீ சிந்தச் சிரித்தார். மூன்று பேரும் அவர்களாகவே ஒவ்வொரு அச்சாகக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. போஷெனா மட்டும் கவனித்தாள்.

லிப்ஸ்கா அம்மையார் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். "கோபுரத்துக்கு நீங்க எங்களக் கூட்டிட்டுப் போகல. அதுக்கு மார்க் போடவே முடியாது."

"தெரியும்" என்றாள் போஷெனா. 

"பதினாறு வருஷமா இந்தத் தேர்வ நடத்தறேன். இந்த முட்டி வலி வந்து நாலு வருஷம். இதே படியில எத்தனையோ தடவ உக்காந்திருக்கேன். நல்லாப் பேசறவங்க நெறையப் பேரு. அவங்க பேசிட்டே மேல போயிடுவாங்க. திரும்பி வந்தது நீங்க ஒருத்தர்தான்."

'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தை மற்ற இருவரிடமும் நீட்டினார். தாடிக்காரர் போட்டார். இளைஞரும் போட்டார். போஷெனாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, எங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க. முன்னாடி நடங்க, வழிகாட்டியம்மா" என்றார் லிப்ஸ்கா அம்மையார்.

அவர் முழங்காலுக்குத் தகுந்தபடி ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். பின்னால் மூன்று ஜோடிக் காலடியும் சரியாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை. முன்னால் நடப்பதில் ஒரு வசதி இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வாசல் வரைக்கும் அவள் அழுதுகொண்டே போனது அந்த மூன்று பேருக்கும் தெரியாது.