ஆர்டிஸ் பிடித்த முட்டை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தின் பார்சல் ஜன்னலில் முப்பது வருஷம் நின்ற பெண்மணி ஆர்டிஸ் ஹால்வர்சன். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உள்ளே உடையறது, ஊத்தறது, கெட்டுப்போறது, வெடிக்கிறது ஏதாவது இருக்கா?"

'ஃப்ராஜைல்', அதாவது சுலபமாக உடையக்கூடியது, என்று அச்சடித்த சிவப்புச் சீட்டைக் கேட்காத ஆளே கிடையாது. கம்பளிக் காலுறைக்குக் கேட்டவர்கள் உண்டு. இரும்பு வாணலிக்குக் கேட்ட மகராசியும் உண்டு. "இதைக் கீழே போட்டா தரைதான் உடையும்" என்பார் ஆர்டிஸ். ஆனாலும் ஒட்டித் தருவார். ஒருமுறை பால்பண்ணைக்காரர் ஒருவர் விவாகரத்துக் காகிதங்களோடு வந்து, "சீட்டு வேண்டாம், இது ஏற்கெனவே உடைஞ்சதுதான்" என்றார். ஆர்டிஸ் ஜன்னலை மூடிவிட்டு அவரைக் காப்பி குடிக்க அழைத்துப் போனார்.

அந்தச் சொல்லைத் தன்மேலேயே யாராவது ஒட்டுவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, போன வருஷப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, கைத்தடியையும் விட்டாயிற்று. ஆனால் "எலும்பு கொஞ்சம் ஃப்ராஜைல்" என்று மருத்துவர் சொன்னதை மகன் கீத் விடவே இல்லை. அம்மா ஃப்ராஜைல், மாடிப்படி ஏறக்கூடாது. அம்மா ஃப்ராஜைல், அவளிடம் கெட்ட செய்தி எதுவும் சொல்லாதீர்கள். மேடிசன் நகரத்தில் ஒரு முதியோர் விடுதியில் அறைகூடப் பிடித்துவிட்டான். இனி வீட்டை விற்பதுதான் பாக்கி. ஆர்டிஸுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

அப்போதுதான் சுதந்திர தினமான ஜூலை நான்கு வந்தது. பூங்காவில் முட்டை எறியும் போட்டி. ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று, பச்சை முட்டையை எறிந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேரும் பின்னால் நகர வேண்டும். ஆர்டிஸின் வழக்கமான ஜோடியான தபால்காரர் லைல், கால் வீங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கீத், நீ வா" என்றார் ஆர்டிஸ்.

"உனக்கென்ன பைத்தியமாம்மா? விழுந்து வெச்சா?"

"விழுந்தா எழுந்துக்கறேன். உனக்குப் பயமா இருந்தா சொல்லு, பாதிரியாரைக் கூட்டிக்கறேன்."

"டேய் கீத், அம்மா கூப்பிட்டா போடா!" என்று லைல் கத்த, கூட்டமே சிரித்தது. கீத் முகம் சிவக்க வந்து நின்றான்.

கீத்தின் முதல் எறி, தொட்டிலில் பூ வைப்பது மாதிரி. முட்டை பாதி வழியிலேயே இறங்கியது. ஆர்டிஸ் பாய்ந்து, முழங்கால் மடித்து, புல்லைத் தொடுமுன் ஏந்தினார்.

"இப்படிக் கொஞ்சிக் கொஞ்சிப் போட்டேன்னா நிஜமாவே விழுந்துடுவேன்டா! நெஞ்சுக்கு நேரா வீசு!"

கீத் வீசினான். வந்த வேகத்தோடேயே கைகளைப் பின்னுக்கு இழுத்து, உடம்பைத் திருப்பி முட்டையை வாங்கிக்கொண்டார் ஆர்டிஸ். அடடா, அதைப் பார்த்திருக்க வேண்டும்! பக்கத்து ஜோடியில் வங்கி மேலாளர் மனைவியின் தலையில் முட்டை உடைந்தது. ஒவ்வொரு ஜோடியாகக் கழன்றுகொண்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். கடைசியில் இரண்டே ஜோடி. நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம், அவ்வளவு தூரம்.

"பின்னால போம்மா! இன்னும் போ! உன்னால முடியும்!"

கத்தியது வேறு யாரும் இல்லை, கீத்தேதான். தான் கத்துவது அவனுக்கே தெரியவில்லை.

எதிர் ஜோடி தங்கள் முறையில் பிழைத்துவிட்டது. ஆர்டிஸ் முட்டையை உயரமாக எறிந்தார். அது வெயிலில் மின்னி இறங்கியது. கீத் ஓடினான், எட்டினான், பிடித்தேவிட்டான். பிடித்த பூரிப்பில் இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அமுக்கினான். பச்சக்! மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது.

"அமுக்காதேடா மடையா! ஜெயிச்சிருப்போமே!" ஆர்டிஸ் ஆத்திரத்தில் காலைத் தரையில் ஓங்கி மிதித்தார். இடுப்பெலும்பு முறிந்து கூடிய பக்கத்துக் கால். கீத் அந்தக் காலையே பார்த்தான். பிறகு புல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அம்மா, அந்த மேடிசன் அறை வேண்டாம்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

"நாளைக்கென்ன? இப்பவே போன் போடு."

"கையெல்லாம் முட்டைம்மா."

"நம்பரைச் சொல்லு, நான் அழுத்தறேன்" என்று அவன் பையிலிருந்து போனை உருவினார் ஆர்டிஸ்.