மாதேஸ்வரி கூடாரத்துக்கு விளக்கு தேடிய கதை

ஓசூர் சிப்காட்டில் கியர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று. அங்கே பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பது வழக்கம். என்ன வேண்டும் என்று அவரவரே சொல்லலாம். அந்த வருடம் பாதிப்பேர் மிக்ஸி கேட்டார்கள், சிலர் குக்கர் கேட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் வேலை செய்யும் மாதேஸ்வரி மட்டும் கூடாரம் கேட்டாள்.

பெயர் குறித்துக்கொண்டிருந்த ஆபீஸ் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “கூடாரமா? எதுக்குக்கா?”

“படுக்கறதுக்கு” என்றாள் மாதேஸ்வரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட அவள்தான் பலமாகச் சிரித்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் பெங்களூரிலிருந்து பைக்குகள் வரிசையாக வருவதைப் பார்ப்பாள். ஒவ்வொன்றின் பின்னாலும் சுருட்டிக் கட்டிய கூடாரம் இருக்கும். எங்கே போகிறார்கள், எங்கே படுப்பார்கள், காலையில் எங்கே முகம் கழுவுவார்கள் என்று யோசித்துக்கொண்டே போவாள். ஒருநாள் நாமும் போனால் என்ன என்ற நினைப்பு எப்போதோ உள்ளே புகுந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. பரிசு என்றதும் அது தானாகவே வாயில் வந்துவிட்டது.

அவள் கணவன் மூர்த்தி ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவன். அவள் பகல் ஷிஃப்டு என்றால் அவனுக்கு ராத்திரி டிரிப். அவன் வீட்டில் இருந்தால் அவள் கம்பெனியில் இருப்பாள். மகன் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபிறகு, வீட்டில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

கூடாரப் பையைப் பார்த்ததும் மூர்த்தி ஓர் அடி பின்வாங்கினான்.

“நான் வர்ல. காட்ல பூச்சி பொட்டு இருக்கும்.”

“காடு இல்லீங்க. எங்கண்ணன் மாந்தோப்பு. வேப்பனப்பள்ளில.”

“தோப்புல பாம்பு இருக்காதா?”

மூர்த்தி எத்தனை பெரிய லாரிக்கும் பயப்படாமல் வேனை ஓட்டுவான். ஆனால் இருட்டு என்றால் ஆகாது. வீட்டில்கூட ஜீரோ வாட் பல்பு எரிந்தால்தான் தூக்கம் வரும். மாதேஸ்வரிக்கு அது தெரியும். கேலி செய்யாமல் கேட்டாள்: “லைட்டு எரிஞ்சா வர்றீங்களா?”

அவன் யோசித்தான். “விடிய விடிய எரியணும். நடுவுல நின்னுச்சுன்னா அப்பவே வண்டி எடுத்துக்கினு வந்துடுவேன்.”

“சரி. எரியும்.”

கூடாரத்தோடு மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன விளக்கு ஒன்று வந்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பவர் பேங்கில் செருகினால் எரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பார்ப்பதற்காக மொட்டை மாடியில் கூடாரத்தை விரித்தாள். துவைத்த துணிகளை எடுக்க வந்த கீழ்வீட்டு நாராயணம்மா, துணியை மறந்துவிட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள். கூடாரம் எழுந்து நின்றதும் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தவளும் அவள்தான்.

“அய்யோ, பாகுந்தே மாதேஸ்வரி! நல்லாக் கீது!”

மாதேஸ்வரி தன் போனுக்கு வைத்திருந்த பவர் பேங்கில் விளக்கைச் செருகி உச்சியில் மாட்டினாள். கூடாரம் முழுக்க மஞ்சள் பூத்தது. நாராயணம்மா கைதட்டினாள். தட்டி முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது.

பட்டனை அமுக்கினால் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அணைந்தது. மாடிக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மூர்த்தியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“சின்ன பேங்க் இல்லியா, அதான். பெர்சா வாங்கு” என்று நாராயணம்மா யோசனை சொன்னாள்.

மறுநாளே பாகலூர் ரோட்டில் லால் பாஷாவின் மொபைல் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதை வாங்கி வந்தாள் மாதேஸ்வரி. செங்கல் மாதிரி கனத்தது. அதில் செருகினாள். முன்னதைவிட இது இன்னும் சீக்கிரமாக அணைந்தது.

இவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு வந்ததற்கா இது! அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கம்பெனியில் ஒரு பாகம் அளவுக்குச் சரியாக உட்காராவிட்டால் காரணம் தெரியாமல் அவள் பெட்டியை மூட மாட்டாள். இதையும் விடுவதாக இல்லை. ஷிஃப்டு முடிந்ததும் விளக்கையும் செங்கலையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

“பாய், இது தூங்குது.”

லால் பாஷா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “பேங்க் நல்லாத்தாம்மா இருக்கு. உங்க லைட்டுதான் டூப்ளிகேட்டா இருக்கும்.”

கல்லாவுக்குப் பின்னால் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த அவர் மகள் இரம், வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். “இருங்க அத்தா.” விளக்கைச் சார்ஜரில் செருகினாள். எரிந்தது. நின்று எரிந்தது. பவர் பேங்கில் செருகினாள். அணைந்தது. இன்னொரு முறை செய்து பார்த்தாள். பிறகு போனை எடுத்து எதையோ தேடிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது.

“அக்கா, லைட்டுலயும் தப்பில்ல, பேங்க்லயும் தப்பில்ல. இது போனுக்குன்னு செஞ்சது. போன் நெறைய கரண்ட் இழுக்கும். ஃபுல் ஆயிடுச்சுன்னா இழுக்கறதக் கொறச்சிக்கும். அப்ப பேங்க் தானாவே ஆஃப் ஆயிடும். உங்க லைட்டு இழுக்கறதே துளியூண்டு. அதனால, போன் ஃபுல் ஆயிடுச்சுபோலன்னு நெனச்சிக்கினு இது படுத்துக்குது.”

“அப்ப, என் லைட்டு கம்மியா சாப்புடுதுன்னு இது சோறு போட மாட்டேங்குதா?”

“அதேதான்க்கா!”

கடையே சிரித்தது. லால் பாஷாவும் சிரித்தார். அப்புறம் அவருக்கே ஓர் ஆவல் வந்துவிட்டது. “எது படுக்காம நிக்குதுன்னு பாத்துடுவோமே” என்று கடையில் இருந்த ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் அடுக்கினார். விற்பனைக்கு வைத்திருந்த குட்டி விளக்குகளைப் பிரித்து இரம் ஒவ்வொன்றிலும் செருகினாள். மேசை முழுக்க வெளிச்சம்.

ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வாசலில் கூடை இறக்கி வைத்திருந்த பூக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். “அந்த வெள்ளைதான் நிக்கும்” என்றார் ஒருவர். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வெள்ளை அணைந்தது. ஓவென்று சத்தம். அடுத்தது நீலம். அதன்பின் இரண்டு சேர்ந்தாற்போல அணைந்தன. பந்தயம் கட்டாத குறைதான்.

கடைசியில் இரண்டுதான் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் பட்டனை அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்கினால் குறைந்த கரண்டுக்கு என்று ஒரு தனி வசதி இருந்தது. அதை அட்டையில் படித்து அமுக்கி வைத்தவள் இரம். மற்றது, பக்கவாட்டில் சுவிட்ச் வைத்த சாதாரணக் கறுப்புப் பெட்டி. நாமே அணைத்தால்தான் அணையும். யாரும் கேட்காததால் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது.

“ரெண்டுல எதுக்கா வேணும்?” என்றாள் இரம்.

மாதேஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பாக்கலாம் இரு.”

லால் பாஷா டீ வரவழைத்தார். டீ முடிந்தது. பேச்சு இரமின் படிப்புக்குப் போனது, மாதேஸ்வரியின் மகனுக்குப் போனது, கூடாரத்துக்கும் வந்தது. பெண் ஒருத்தி பரிசாகக் கூடாரம் வாங்கினாள் என்பதை இரம் நம்பவே இல்லை. கடை மூடும் சமயத்தில் இரண்டு அமுக்கு அமுக்கிய பேங்கும் அணைந்தது. அந்த வசதிக்கும் ஒரு நேரக்கணக்கு இருந்திருக்கிறது. அது முடிந்ததும் திரும்ப எழுந்து அமுக்க வேண்டும். கறுப்புப் பெட்டி மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

“இது சின்னதாச்சே, விடியறவரைக்கும் தாங்குமா?” என்று கேட்டாள் மாதேஸ்வரி.

“லைட்டு இழுக்கறதுதான் துளியூண்டாச்சே. தாங்கணும்” என்றாள் இரம். “ஆனா நான் சொல்றத நம்ப வேணாம். இங்கயே எரியட்டும். காலைல சொல்றேன்.”

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது போன் அடித்தது. “அக்கா, இப்பதான் ஷட்டர் தூக்கினேன். எரியுதுக்கா! இன்னும் எரியுது!” மாதேஸ்வரி பஸ்ஸுக்குள்ளேயே “எரியுதாம்!” என்று கத்தினாள். என்ன எரிகிறது, எங்கே எரிகிறது என்று பாதிப்பேர் பதறி எழுந்துவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது. செங்கலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மூர்த்தி ராத்திரி டிரிப்புக்கு லீவு சொல்லிவிட்டு, பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தான்.

தை மாதக் குளிரில் பைக்கில் கிளம்பினார்கள். பேரிகையில் நிறுத்திச் சூடாக போண்டா சாப்பிட்டார்கள். இருவரும் ஒன்றாக வெளியே எங்கே கடைசியாகச் சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார்கள். ஞாபகம் வரவில்லை. அதனால் இன்னொரு தட்டு வாங்கினார்கள்.

வேப்பனப்பள்ளித் தோப்பில் மாமரங்கள் பூத்துக் கிடந்தன. அண்ணன் சம்பங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார்.

“ஏம்மா, வூடு இருக்க இதுல இன்னாத்துக்குப் படுக்கறீங்க? மாப்ள, நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“உள்ள வந்து பாருங்க மச்சான், அப்பறம் பேசுங்க” என்றான் மூர்த்தி. வரமாட்டேன் என்றவன் அவன்தானா என்று மாதேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பொழுது சாய்ந்ததும் விளக்கை மாட்டியவனும் அவன்தான். உள்ளே வந்த சம்பங்கி வறுத்த நிலக்கடலை தீரும்வரை எழுந்திருக்கவே இல்லை. அண்ணி வந்து கூப்பிட்ட பிறகுதான் மனசில்லாமல் வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு இருவரும் பேசினார்கள். வேனில் வரும் ஆட்களைப் பற்றி, யார் ஏறியவுடன் தூங்குவார், யார் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டினான் மூர்த்தி. இவன் இப்படியெல்லாம் நடிப்பான் என்று மாதேஸ்வரிக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவன் மீசையில் நரை ஏறியிருப்பது தெரிந்தது. விரலால் தொட்டுக் காட்டினாள். “உனக்கு மட்டும் இல்லியா?” என்று அவன் அவள் காதோரம் காட்டினான். பேசிக்கொண்டே இருந்தவன் பாதிப் பேச்சில் தூங்கிப்போனான்.

அவள் விழித்தபோது கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. வெளியே வந்து, பனி நனைத்த புல்லில் வெறுங்காலோடு நின்றாள். இந்த ஆசைக்கு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டியதே இல்லையே என்று தோன்றியது. கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் அள்ளி முகம் கழுவினாள். தண்ணீர் பல் கிட்டும் அளவுக்கு ஜில்லென்று இருந்தது.

திரும்பும் வழியில் பேரிகை தாண்டியதும் மூர்த்தி தலையை லேசாகத் திருப்பினான்.

“தளிப் பக்கம் இதவிடக் குளிரா இருக்குமாமே?”

“இருக்கும். கம்பளி வேணும்.”

“ரெண்டா எடுத்துக்கலாம்” என்றான் மூர்த்தி. மாதேஸ்வரி அவன் தோளில் கைபோட்டு நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.